மெட்டல் வால்வா, டிஷ்யூ வால்வா?

இதய வால்வை மாற்றியே ஆக வேண்டும் என்று முடிவான பிறகு அறுவை மருத்துவர் ஒரு கேள்வி கேட்பார். "மெட்டல் வால்வு வைக்கட்டுமா, டிஷ்யூ வால்வு வைக்கட்டுமா?" பெரும்பாலான குடும்பங்கள் இதை எதிர்பார்த்து வருவதில்லை. அதனால் அவர்கள் திருப்பிக் கேட்பதும் அநேகமாக ஒன்றாகத்தான் இருக்கும்: "எது டாக்டர் ரொம்ப நாள் வரும்?"

அதற்குப் பதில் சுலபம். மெட்டல் வால்வுதான். இன்றைக்குப் பொருத்தப்படும் மெட்டல் வால்வு தேய்ந்துபோய் மாற்றும் நிலை வருவது மிக அரிது. ஆனால் வால்வு எவ்வளவு காலம் உழைக்கும் என்பதும், அதை வைத்துக்கொண்டு நாம் எப்படி வாழப்போகிறோம் என்பதும் வேறு வேறு விஷயம். இரண்டு வால்விலும் தொல்லை உண்டு. மெட்டல் வால்வின் தொல்லை தினசரித் தொல்லை. மாத்திரையும் ரத்தப் பரிசோதனையுமாக ஆயுள் முழுக்க வரும். விலங்குத் திசுவில் செய்த டிஷ்யூ வால்வு பல வருடம் ஒரு தொந்தரவும் தராது. பிறகு ஒருநாள் மறுபடி ஆபரேஷன் என்று வந்து நிற்கும். இதில் எந்தத் தொல்லையைச் சமாளிக்க நமக்கு வசதியும் மனமும் இருக்கிறது என்று பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

வால்வு கெட்டுப்போகும் வழிகள் பல. இதயத்திலிருந்து உடம்புக்கு ரத்தம் வெளியேறும் வாசலில் இருப்பது பெருந்தமனி வால்வு. அதற்கு மூன்று இதழ் இருக்க வேண்டும். நூற்றில் ஒருவர் அல்லது இருவருக்குப் பிறவியிலேயே இரண்டு இதழ்தான் இருக்கும். பிறவி இதயக் குறைகளில் அதிகம் காணப்படுவது இதுதான். பலருக்குச் சின்ன வயதில் எந்த அறிகுறியும் இருக்காது. 40, 50 வயதுக்கு மேல் கால்சியம் படிந்து வால்வு சுருங்கும், அல்லது கசியும். ருமாட்டிக் காய்ச்சல் வேறு கதை. குழந்தைப் பருவத்தில் தொண்டையில் வந்த ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தொற்றின் பின்விளைவாக, இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே உள்ள மைட்ரல் வால்வு கெட்டு, 20, 30 வயதிலேயே மூச்சு வாங்கும். மூன்றாவது, முதுமையில் நல்ல வால்வே இறுகிப்போவது. 28 வயதுப் பெண்ணுக்கும், 48 வயது ஓட்டுநருக்கும், 74 வயதுப் பெரியவருக்கும் வால்வு மாற்று என்ற பெயர் ஒன்றாக இருந்தாலும் ஒரே பதில் பொருந்தாது.

மாற்றத்தான் வேண்டுமா?

எந்த வால்வு என்று பேசும் முன் கேட்க வேண்டிய கேள்வி இது. குறிப்பாக மைட்ரல் வால்வு என்றால்.

வால்வு இதழ் தளர்ந்துபோயோ, அதை இழுத்துப் பிடித்திருக்கும் மெல்லிய நாண் அறுந்தோ கசிவு வந்திருந்தால் பெரும்பாலும் பழுதுபார்க்கலாம். உப்பிய பகுதியை வெட்டித் தைப்பார்கள். அறுந்த நாணுக்குப் பதில் செயற்கை நூல் கட்டுவார்கள். விரிந்துபோன வாய்க்கு ஒரு வளையம் வைத்துத் தைப்பார்கள். பிரெஞ்சு அறுவை மருத்துவர் அலென் கார்பென்டியர் முறைப்படுத்திய வழி இது. சொந்த வால்வே தங்கிவிடுவதால் இதயத்தின் பம்பு செய்யும் பலமும் நன்றாகக் காப்பாற்றப்படும். இதயத் துடிப்பு ஒழுங்காக இருந்தால் ஆயுள் முழுக்க ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரையும் தேவைப்படாது. இந்த வகைக் கசிவுக்கு, பழுதுபார்க்க முடிகிற வால்வை மாற்றுவது இரண்டாந்தரமான வைத்தியம் என்பதே என் கருத்து. ஒரே சிக்கல், இது கைத்திறனைப் பொறுத்தது. "இந்த மாதிரி வால்வை நீங்கள் எவ்வளவு அடிக்கடி ரிப்பேர் செய்கிறீர்கள்?" என்று மருத்துவரிடம் கேட்பதில் தப்பே இல்லை. நன்றாகச் செய்கிறவர்கள் இந்தக் கேள்விக்குக் கோபப்படுவதில்லை.

ருமாட்டிக் வால்வில் இது அவ்வளவு சுலபமல்ல. இதழ் தடித்து, நாண்கள் குட்டையாகி ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருக்கும். ரிப்பேர் செய்தாலும் நோய் உள்ளே தொடர்ந்துகொண்டிருக்கும். ஆனால் ருமாட்டிக் சுருக்கத்துக்கு வேறொரு வழி உண்டு. ஜப்பானிய மருத்துவர் கான்ஜி இனோவே 1984-ல் வெளியிட்ட பலூன் முறை. தொடையிலுள்ள ரத்தக் குழாய் வழியாக மெல்லிய குழாயை விட்டு, ஒட்டிப்போன இதழ்களைப் பலூனால் விரிப்பது. யாருக்கு இது சரிவரும் என்பதை எக்கோ ஸ்கேனில் பார்த்தே சொல்லிவிடலாம்: இதழின் அசைவு, தடிப்பு, கால்சியம், கீழேயுள்ள நாண்களின் நிலை என நான்குக்கும் 1 முதல் 4 வரை மதிப்பெண் போடுவார்கள். கூட்டல் 8 அல்லது அதற்குக் கீழே இருந்தால் பலூன் நன்றாகப் பலன் தரும். இடது மேலறையில் ரத்தக் கட்டி இருந்தாலோ, கசிவு கணிசமாக இருந்தாலோ பலூன் கூடாது. பலூன் நிரந்தரத் தீர்வு கிடையாது. பல வருடம் கழித்து மறுபடி சுருங்கலாம். ஆனாலும் 25 வயதில் வால்வு மாற்றுவதைப் பத்து வருடம் தள்ளிப்போடுவது பெரிய லாபம்.

மெட்டல் வால்வோடு வாழ்வது

1960-ல் அமெரிக்காவில் ஆல்பர்ட் ஸ்டார் என்ற அறுவை மருத்துவரும் லோவெல் எட்வர்ட்ஸ் என்ற பொறியாளரும் கூண்டுக்குள் பந்து உருளும் வால்வைப் பொருத்தி வெற்றி கண்டார்கள். இப்போது வைப்பது அந்த வடிவம் அல்ல. ஒரு வளையம், அதற்குள் அரைவட்டமாக இரண்டு தகடுகள். 1977 முதல் புழக்கத்தில் இருக்கும் வடிவம். பேச்சில் மெட்டல் என்றாலும் அந்தத் தகடுகள் பைரோலிடிக் கார்பனால் ஆனவை. மாதிரி வால்வைக் கையில் வாங்கிச் சாய்த்துப் பாருங்கள். பளபளக்கும் இரண்டு கறுப்பு இதழ்களும் தானாகவே விழுந்து 'டிக்' என்று மூடும். அந்தச் சத்தம் மார்புக்குள்ளேயும் கேட்கும். மெலிந்த உடம்புக்காரர்களுக்கு, அமைதியான ராத்திரியில், பக்கத்தில் படுத்திருப்பவருக்கும்கூடக் கேட்கும். பலருக்குச் சில மாதங்களில் பழகிவிடும். சிலருக்குக் கடைசிவரை பழகுவதில்லை. ஆபரேஷனுக்கு முன்னால் இதை யாரும் பெரிதாகச் சொல்வதில்லை, சொல்ல வேண்டும்.

கார்பனின் மேல் ரத்தம் உறையப் பார்க்கும். அதைத் தடுக்க வார்ஃபரின் அல்லது அசெனோகூமரால் மாத்திரையை ஆயுள் முழுக்கச் சாப்பிட வேண்டும். மாத்திரை சரியாக வேலை செய்கிறதா என்று, ரத்தம் உறைவது எவ்வளவு தாமதமாகிறது என அளக்கும் ஐஎன்ஆர் பரிசோதனை சொல்லும். மாத்திரை சாப்பிடாதவருக்கு அது 1 அளவில் இருக்கும். பெருந்தமனி இடத்தில் இக்கால மெட்டல் வால்வு இருந்து, வேறு ஆபத்துக் காரணிகள் இல்லையென்றால் 2 முதல் 3 வரை இருக்க வேண்டும். மைட்ரல் இடத்தில் ரத்த ஓட்டம் மெதுவானது, உறைய வாய்ப்பு அதிகம், அங்கே 2.5 முதல் 3.5 வரை. இலக்குக்குக் கீழே போனால் வால்வில் கட்டி உருவாகும், அது மூளைக்குப் போனால் பக்கவாதம். மேலே போனால் ரத்தக் கசிவு. கவனமாக இருப்பவர்களுக்கே கடுமையான ரத்தக்கசிவு ஆண்டுக்குத் தோராயமாக நூற்றில் ஒருவர், இருவருக்கு வரும்; ரத்தக் கட்டியால் வரும் ஆபத்தும் ஏறக்குறைய நூற்றில் ஒருவருக்கு. ஒரு வருடக் கணக்கில் இது சின்ன எண். முப்பது வயதில் வால்வு வைத்தவருக்கு வருடா வருடம் சேர்ந்துகொண்டே போகும்.

நடைமுறையில் இது எப்படி இருக்கும்? ஒரு சின்ன நோட்டு. தேதி, ஐஎன்ஆர், மாத்திரை அளவு என்று மூன்று பத்தி. 2.7, 2.9, 2.6 என்று ஒழுங்காக வந்துகொண்டிருந்தது திடீரென்று 1.6 என்று வரும். உடனே அளவைக் கூட்டிவிட மாட்டார்கள். மாத்திரை விட்டுப்போனதா, புதிதாக வேறு மருந்து ஏதாவது தொடங்கினீர்களா, கீரை வழக்கத்தைவிட அதிகமாகச் சாப்பிட்டீர்களா என்று விசாரிப்பார்கள். காரணம் தெரியவில்லையென்றால் ஒரு வாரத்து மொத்த அளவில் சிறு பங்கைக் கூட்டிவிட்டு, சில நாளில் மறுபடி ரத்தம் எடுக்கச் சொல்வார்கள். வலிப்புக்கான ஃபெனிடாயினும் கார்பமஸெபினும் காசநோய்க்கான ரிஃபாம்பிசினும் ஐஎன்ஆரை இறக்கிவிடும். ஃபெனிடாயின் தொடக்கத்தில் ஏற்றவும் செய்யும். வயிற்றுப்போக்குக்குச் சாதாரணமாகத் தரும் மெட்ரோனிடசோல் ஏற்றிவிடும். டைக்ளோஃபெனாக், இபுபுரூஃபென் போன்ற வலிமாத்திரைகள் ஐஎன்ஆர் சரியாக இருக்கும்போதே வயிற்றில் ரத்தக்கசிவை உண்டாக்கலாம். கீரையை அறவே விட வேண்டியதில்லை. வாரத்துக்கு வாரம் ஏறக்குறைய ஒரே அளவாகச் சாப்பிட்டால் போதும். மாத்திரையின் அளவை அதற்கேற்ப வைத்துக்கொள்ளலாம்.

பெரிய விபத்துகள் அநேகமாக நல்லெண்ணத்தில் நடப்பவை. பல் பிடுங்கப் போகிறோம், ரத்தம் நிற்காது என்று யாரோ சொல்ல, இதய மருத்துவரைக் கேட்காமலே ஒரு வாரம் மாத்திரையை நிறுத்திவிடுவார்கள். ஐஎன்ஆர் இலக்குக்குள் இருந்தால் சாதாரணமாகப் பல் எடுப்பதற்கு மாத்திரையை நிறுத்த வேண்டியதே இல்லை; பல் எடுத்த இடத்தில் தையலும் அழுத்தமும் போதும். நிறுத்திய சில நாளில் வழக்கமான 'டிக்' சத்தம் மங்கிப்போகிறது, படுக்க முடியாமல் மூச்சு வாங்குகிறது என்றால் வால்வு இதழ் சிக்கிக்கொண்டிருக்கலாம். விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாத அவசரம் அது.

"இப்போதுதான் பரிசோதனையே வேண்டாத புது மாத்திரைகள் வந்துவிட்டனவே?" என்று பலரும் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். மெட்டல் வால்வில் டாபிகாட்ரானைச் சோதித்த ஆய்வு 2013-ல் வெளியானது. கட்டியும் ரத்தக்கசிவும் இரண்டுமே வார்ஃபரினைவிட அதிகமாக இருந்ததால் பாதியில் நிறுத்தினார்கள். அபிக்ஸபானை ஒரு வகை பெருந்தமனி மெட்டல் வால்வில் சோதித்த ஆய்வும் 2022-ல் நின்றுபோனது. ஆகவே மெட்டல் வால்வு வைத்தவருக்கு இன்றும் பழைய மாத்திரையும் ஐஎன்ஆரும்தான். நாளைக்கு நல்ல மாத்திரை வந்துவிடும் என்ற நம்பிக்கையில் இன்றைக்கு மெட்டல் வால்வைத் தேர்ந்தெடுப்பது சரியாகப் படவில்லை.

டிஷ்யூ வால்வு எப்போது காலை வாரும்?

டிஷ்யூ வால்வு ஜாடியில், குளூடரால்டிஹைடு கரைசலில் மிதந்தபடி வரும். பன்றியின் வால்வு, அல்லது மாட்டின் இதயத்தை மூடியிருக்கும் உறையை வெட்டித் தைத்தது. (இதில் மனத்தடை உள்ளவர்கள் ஆபரேஷனுக்கு முன்பே சொல்லிவிடுவது நல்லது.) ஆபரேஷன் அரங்கில் வரிசை எண்ணைச் சரிபார்த்து, உப்புக் கரைசல் நிரப்பிய கிண்ணங்களில் ஒன்று மாற்றி ஒன்றாக அலசி, மருந்து வாடை போக்கிய பிறகுதான் மருத்துவர் கைக்குப் போகும். மென்மையாக, ஈரமாக, சத்தமில்லாமல் திறந்து மூடும். முதல் சில மாதங்களுக்குப் பிறகு, இதயத் துடிப்பு ஒழுங்காக இருக்கும் பெரும்பாலோருக்கு ஆஸ்பிரின் மட்டும் போதும்.

ஆனால் காலப்போக்கில் அதில் கால்சியம் படிந்து இறுகும், அல்லது இதழ் கிழியும். எவ்வளவு சீக்கிரம் என்பது பெரும்பாலும் வயதைப் பொறுத்தது, அதுவும் தலைகீழாக. எழுபதைத் தாண்டியவருக்கு 15 வருடமும் அதற்கு மேலும் உழைக்கும் வால்வு, முப்பது வயதுக்காரருக்குப் பத்து வருடத்துக்குள்ளேயே போய்விடலாம். இளம் உடம்பின் எதிர்ப்புச் சக்தியும் கால்சியத்தைச் சேர்க்கும் வேகமும் அதற்குக் காரணம். குழந்தைகளுக்கும், சிறுநீரகம் செயலிழந்து டயாலிசிஸில் இருப்பவர்களுக்கும் இன்னும் வேகம். மைட்ரல் இடத்தில் வைத்தது பெருந்தமனி இடத்தில் வைத்ததைவிடச் சீக்கிரம் தேயும். இடது கீழறை சுருங்கும்போது எழும் முழு அழுத்தத்தையும் மூடிய நிலையில் தாங்குவது அதுதானே.

இரண்டாவது ஆபரேஷன் முதலாவதைவிடக் கடினம். மார்பெலும்புக்குப் பின்னால் எல்லாம் ஒட்டிப்போயிருக்கும். பிரித்தெடுப்பதே ஒரு தனி வேலை. ஆனாலும் வருடா வருடம் எக்கோ பார்த்து, வால்வு தளர ஆரம்பித்ததுமே திட்டமிட்டுச் செய்தால் அனுபவமுள்ள இடங்களில் ஆபத்து சமாளிக்கக்கூடிய அளவில்தான் இருக்கும். நுரையீரலில் நீர் கோத்து அவசரமாகக் கொண்டுவரப்படும்போது கணக்கு முற்றிலும் மாறிவிடும். டிஷ்யூ வால்வு வைத்தவர்கள் "எனக்குத்தான் மாத்திரையே இல்லையே" என்று வருடக்கணக்கில் மருத்துவரையே பார்க்காமல் இருப்பதுதான் அந்த வால்வின் மிகப் பெரிய அபாயம் என்பேன்.

எண்கள் சொல்வது

அமெரிக்க முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளில் 1977 முதல் 1982 வரை 575 ஆண்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பாதிக்கு மெட்டலும் மறு பாதிக்கு டிஷ்யூவும் வைத்தார்கள். 15 வருடம் கழித்துப் பார்த்தபோது, பெருந்தமனி வால்வு மாற்றியவர்களில் மெட்டல் வைத்தவர்கள் 66 சதவீதமும் டிஷ்யூ வைத்தவர்கள் 79 சதவீதமும் இறந்திருந்தார்கள். மைட்ரல் வால்வில் இறப்பில் வித்தியாசம் இல்லை. ரத்தக்கசிவு மெட்டலில் அதிகம். அன்றைய வால்வுகள் இன்று இல்லை என்பதை மறக்கக் கூடாது. 2017-ல் கலிபோர்னியா மாநிலப் பதிவேடுகளை வைத்து வெளியான பெரிய ஆய்வில், மைட்ரல் இடத்தில் 70 வயது வரையிலும், பெருந்தமனி இடத்தில் 55 வயது வரையிலும் மெட்டல் வைத்தவர்கள் கூடுதல் காலம் உயிரோடு இருந்தார்கள். இது குலுக்கல் சோதனை கிடையாது. யாருக்கு எதை வைப்பது என்று மருத்துவர்களே தேர்ந்தெடுத்த நோயாளிகள். ஆனாலும் பெரும் எண்ணிக்கை, ஒதுக்கிவிட முடியாது.

வழிகாட்டு நெறிகளும் இதைச் சுற்றியேதான் இருக்கின்றன. பெருந்தமனி வால்வுக்கு அமெரிக்க நெறிமுறை 50 வயதுக்குக் கீழே மெட்டலையும் 65-க்கு மேல் டிஷ்யூவையும் சொல்லி, இடையில் உள்ளவர்களைப் பேசி முடிவெடுக்கச் சொல்கிறது. ஐரோப்பிய நெறிமுறையின் கோடு சற்று மேலே: 60-க்குக் கீழே மெட்டல். இரண்டுமே ஒரு நிபந்தனையோடுதான் சொல்கின்றன: மாத்திரையைச் சரியாகச் சாப்பிட முடிய வேண்டும், ஐஎன்ஆர் பார்க்க முடிய வேண்டும், நோயாளிக்கு விருப்பமும் இருக்க வேண்டும். பலர் வயதை மட்டும் பார்த்துவிட்டு இந்த வரியைத் தாண்டிப்போகிறார்கள். பரிசோதனைக் கூடம் எட்டாத தூரத்தில் இருப்பவர், குடியை விட முடியாதவர், மாத்திரையை மறந்துவிடும் மனநோய் உள்ளவர், உயரத்தில் ஏறி வேலை பார்ப்பவர் ஆகியோருக்கு 35 வயதானாலும் மெட்டல் வால்வு நல்ல தேர்வாக இருக்காது. பத்துப் பன்னிரண்டு வருடத்தில் மறு ஆபரேஷன் வரும் என்று தெரிந்தே டிஷ்யூவுக்குப் போவது அங்கே பாதுகாப்பானது.

குழந்தை பெற விரும்பும் பெண்

இந்தக் கட்டுரையில் எல்லாவற்றையும்விடக் கடினமான இடம் இது. வார்ஃபரின் நஞ்சுக்கொடியைத் தாண்டிக் கருவைச் சேரும். கர்ப்பத்தின் 6 முதல் 12 வாரம் வரை சாப்பிட்டால் சிசுவின் மூக்கும் எலும்பும் சரியாக வளராமல் போகலாம். தினம் 5 மில்லிகிராம் அல்லது அதற்குக் குறைவான அளவில் ஆபத்து குறைவு, ஆனால் இல்லாமல் போவதில்லை. மாத்திரைக்குப் பதில் ஹெப்பாரின் ஊசி போட்டால் குழந்தைக்கு நல்லது. தாயின் வால்வில் கட்டி உருவாகும் ஆபத்து கூடிவிடும். தாய்க்கு நல்லது ஒன்று, பிள்ளைக்கு நல்லது வேறொன்று என்று ஆகிவிடுகிறது. பல நாட்டுக் கர்ப்பிணிகளைப் பதிவு செய்த ஓர் ஆய்வில், மெட்டல் வால்வு இருந்தவர்களில் 58 சதவீதம் பேர்தான் கடுமையான சிக்கல் ஏதுமின்றி உயிருள்ள குழந்தையைப் பெற்றார்கள்; டிஷ்யூ வால்வில் அது 79 சதவீதம். எனவே 26 வயதில், இன்னும் குழந்தை பெறாத பெண்ணிடம் "வயது குறைவு, மெட்டல்தான்" என்று சொல்லி முடித்துவிடுவது அநியாயம். டிஷ்யூ வைத்தால் நாற்பது வயதுக்குள் மறு ஆபரேஷன் வரலாம் என்பதையும் அதே மூச்சில் சொல்ல வேண்டும். முடிவு அந்தப் பெண்ணுடையது. கணவரும் மாமியாரும் பேசி முடித்துவிட்டுக் கடைசியாக அவரிடம் கையெழுத்து வாங்கக் கூடாது.

வேறு வழிகள், சுருக்கமாக

பெருந்தமனி வால்வு மட்டும் கெட்ட இளையவர்களுக்கு ராஸ் ஆபரேஷன் என்று ஒன்று உண்டு. 1967-ல் டொனால்ட் ராஸ் தொடங்கியது. நோயாளியின் சொந்த நுரையீரல் தமனி வால்வை எடுத்துப் பெருந்தமனி இடத்தில் வைத்துவிட்டு, காலியான இடத்தில் இறந்தவரிடமிருந்து தானமாகப் பெற்ற வால்வை வைப்பார்கள். வார்ஃபரின் வேண்டாம், குழந்தைக்கு வைத்தால் அந்த வால்வு கூடவே வளரும். கைதேர்ந்தவர்கள் செய்தால் பலன் பிரமாதம். ஆனால் ஒரு வால்வு நோயை இரண்டு வால்வு நோயாக்கும் வழி இது. எப்போதாவது செய்பவரிடம் போகக் கூடாது.

தொடை வழியாக வால்வு வைக்கும் டாவி முறையை 2002-ல் பிரான்சில் அலென் கிரிபியே முதலில் செய்தார். எழுபது, எண்பது வயதுக்காரருக்கு அது வரப்பிரசாதம். ஐம்பது வயதுக்காரருக்கு, அதுவும் இரண்டு இதழ் வால்வுக்காரருக்கு, அவசரப்பட வேண்டியதில்லை. குறைந்த ஆபத்துள்ளவர்களை வைத்து 2019-ல் வந்த பெரிய சோதனைகள் இரண்டு இதழ் வால்வைச் சேர்த்துக்கொள்ளவே இல்லை.

டாவியால் டிஷ்யூ வால்வின் கணக்கும் மாறியிருக்கிறது. பழைய டிஷ்யூ வால்வு தேய்ந்ததும் அதற்குள்ளேயே குழாய் வழியாகப் புது வால்வை வைக்கலாம், மார்பைத் திறக்க வேண்டாம். "பிறகு அப்படிச் செய்துகொள்ளலாம், இப்போது டிஷ்யூ வையுங்கள்" என்று ஐம்பதுகளில் இருப்பவர்கள் அதிகம் கேட்பது இதனால்தான். இதில் ஒளிந்திருக்கும் சிக்கல் அளவு. வால்வுக்குள் வால்வு வைத்தால் வழி குறுகும். முதல் ஆபரேஷனில் 19 மில்லிமீட்டர் வால்வு வைத்திருந்தால் பிறகு உள்ளே வைக்கும் வால்வு போதிய ரத்தத்தை விடாது. ஆகவே இந்தத் திட்டத்தோடு டிஷ்யூவுக்குப் போகிறவர்கள் ஆபரேஷனுக்கு முன்பே கேட்க வேண்டியது: என் இதயத்தில் வால்வு உட்காரும் வளையத்துக்கு எந்த அளவு வால்வு பொருந்தும், சின்னதாக இருந்தால் வளையத்தை விரித்துப் பெரிய வால்வு வைக்க உங்களால் முடியுமா? ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு அனுப்பும்போது வால்வின் பெயர், அளவு, வரிசை எண் அச்சிட்ட அட்டை ஒன்று தருவார்கள். அதைப் படமெடுத்து வீட்டில் இரண்டு பேரின் போனிலாவது வைத்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டு வருடம் கழித்து வால்வுக்குள் வால்வு வைக்கப்போகும் மருத்துவர் முதலில் கேட்பது அதைத்தான்.